மெல்பர்னில் மனை வாங்கி வீடு கட்டப் போகிறீர்களா? கடனுக்கு எந்த வங்கி?

ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பழைய வீடுகளை வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது. 2027 மார்ச் 31 வரை என்று அறிவித்து அரசு கொண்டுவந்தது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வேலை விசாவில் வந்த சாதாரணக் குடும்பத்துக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது. காலி மனை வாங்கிக் கட்டவும், புது வீடு வாங்கவும் வழி இருக்கிறது. அதற்கு வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வாங்க வேண்டும், மனை என்றால் நான்கு ஆண்டுகளுக்குள் வீட்டை முடிக்கவும் வேண்டும். பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை விசா) கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. இருந்தும் டார்னீட், விண்டம் வேல், மெல்டன், கிளைட் நார்த் போன்ற மெல்பர்ன் புறநகர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் நம் ஆட்கள் பலர் மனையும் வீடும் சேர்ந்த பேக்கேஜில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சலுகைகள் பெரும்பாலும் புது வீட்டுக்கே என்பது முக்கியக் காரணம்.

தற்காலிக விசாக்காரர்களுக்கு முதலில் ஒன்று. விக்டோரியாவில் வெளிநாட்டவர் குடியிருப்பு மனை வாங்கினால் வழக்கமான முத்திரைத் தீர்வைக்கு மேல் 8 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 3.6 லட்சம் டாலர் மனைக்கு இது மட்டும் 28,800 டாலர். பி.ஆர். சில மாதங்களில் வந்துவிடும் என்ற நிலையில் இருந்தால், என் கருத்தில், பொறுத்திருப்பதே நல்லது. அந்தப் பணத்தில் தரை ஓடு, திரைச்சீலை, வேலி, தோட்டம் எல்லாம் முடித்துவிடலாம்.

பி.ஆர். உள்ளவர், முதல் வீடு என்றால் கணக்கே வேறு. மனைக்குத் தனி ஒப்பந்தம், கட்டுவதற்குத் தனி ஒப்பந்தம் என்று போட்டால் முத்திரைத் தீர்வை மனை விலைக்கு மட்டும்தான். முதல் வீடு வாங்குபவருக்கு 6 லட்சம் டாலர் வரை அதுவும் இல்லை. வீடும் மனையும் சேர்த்து 7.5 லட்சத்துக்குள் இருந்தால் மாநில அரசு 10,000 டாலர் மானியம் தருகிறது. வங்கி வழியாக விண்ணப்பித்தால் கட்டுமானத்தின் முதல் தவணையோடு அது சேர்ந்துவிடும். கையில் 5 சதவீதம் இருந்தால் போதும் என்ற ஒன்றிய அரசின் டெபாசிட் திட்டத்தில் 2025 அக்டோபர் முதல் வருமான வரம்பு கிடையாது. மெல்பர்னில் விலை வரம்பு 9.5 லட்சம். ஆனால் எல்லா வங்கிகளும் அந்தத் திட்டத்தில் இல்லை. வங்கிப் பட்டியலைச் சுருக்கும்போது இதை முதலில் கேளுங்கள்.

பணம் எப்படி வெளியே வருகிறது

கட்டிய வீட்டுக் கடனில் செட்டில்மென்ட் நாளன்று (சொத்து உங்கள் பெயருக்கு மாறும் நாள்) முழுப் பணமும் ஒரே தடவையில் போய்விடும். கட்டுமானக் கடன் அப்படியல்ல. முதலில் மனைக்கு ஒரு தொகை. பிறகு வீடு வளர வளர, பில்டர் விலைச்சீட்டு (இன்வாய்ஸ்) அனுப்ப, நீங்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட, வங்கி தவணை தவணையாக விடுவிக்கும். விக்டோரியாவின் 1995ஆம் ஆண்டு வீட்டுக் கட்டுமான ஒப்பந்தச் சட்டம் வகுத்த வழக்கமான பங்கீடு இது: டெபாசிட் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, அடித்தளம் முடிந்ததும் 10, சட்டகம் எழும்பியதும் 15, கூரை கதவு ஜன்னல் போட்டுப் பூட்டும் நிலைக்கு வந்ததும் 35, உள் வேலைகளுக்கு 25, முடிந்ததும் மீதி 10.

வட்டி, வெளியே போன பணத்துக்கு மட்டும். மனை 3.6 லட்சம், கட்டுமானம் 3.6 லட்சம், கையில் இருந்த 72,000 டாலர் மனைக்குப் போய்விட்டது, வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மனை உங்கள் பெயருக்கு வந்ததும் மாதம் 1,440 டாலர் வட்டி. சட்டகம் எழும்பும்போது 1,980. பூட்டும் நிலையில் 2,610. முழுதும் வெளியே போனால் 3,240. இதெல்லாம் வெறும் வட்டி. வீடு முடிந்ததும் அசலும் சேரும். இந்தக் காலம் முழுக்க நீங்கள் இருக்கும் வீட்டின் வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். வாடகையும் வட்டியும் சேர்ந்து எந்த மாதத்தில் உச்சத்துக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இதனால்தான் கட்டுமானக் கடனுக்கு வங்கி தேடுபவர் 0.1 சதவீத வட்டி வித்தியாசத்தில் தலையை விட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்கிறேன். வீடு முடிந்து ஓராண்டு கழித்து வேறு வங்கிக்கு மாறினால் வட்டியைச் சரிசெய்துகொள்ளலாம். தவணை விடுவிக்க மூன்று வாரம் எடுக்கும் வங்கியை வீடு பாதியில் நிற்கும்போது மாற்ற முடியாது. தாமதத்துக்கு பில்டர் ஒப்பந்தப்படி உங்களிடம் வட்டி கேட்பார், ஆட்களையும் வேறு தளத்துக்கு அனுப்பிவிடுவார்.

பெரிய வங்கியா, கிரெடிட் யூனியனா

உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கடன் சங்கம்தான் கிரெடிட் யூனியன். அந்தப் பெயர்ப்பலகை இப்போது குறைந்துவிட்டது. பல சங்கங்கள் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டன. கிரேட் சதர்ன் பேங்க் 2021 வரை கிரெடிட் யூனியன் ஆஸ்திரேலியா. பேங்க் ஃபர்ஸ்ட், விக்டோரியா ஆசிரியர்களின் கிரெடிட் யூனியனாகத் தொடங்கியது. பெயர் மாறினாலும் சொந்தக்காரர்கள் உறுப்பினர்கள்தான், பங்குச் சந்தை முதலீட்டாளர்கள் இல்லை. ஊரில் கூட்டுறவு வங்கி என்றாலே சிலருக்கு ஒரு தயக்கம் வரும். இங்கே அது வேண்டாம். பெரிய நான்கு வங்கிகளைக் கண்காணிக்கும் அதே ஆப்ரா (APRA) என்ற அரசு அமைப்பு இவற்றையும் கண்காணிக்கிறது. வைப்புப் பணத்துக்கு ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 2.5 லட்சம் டாலர் வரை அரசு உத்தரவாதம் இரண்டுக்கும் ஒன்றே.

வித்தியாசம் நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினர் வங்கியில் விண்ணப்பத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வாய்ப்பு அதிகம். வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதம், அதற்கு முன் சென்னையிலோ கொழும்பிலோ பத்து வருடம் இதே துறை என்று விளக்க வேண்டியிருந்தால் அது உதவும். கட்டணங்களும் சில இடங்களில் குறைவு. மறுபக்கம், சில சங்கங்கள் கட்டுமானக் கடனே தருவதில்லை, சில தற்காலிக விசாக்காரருக்குத் தருவதில்லை, சிலவற்றில் தவணை விடுவிக்கும் பிரிவில் ஆட்கள் குறைவு. பெரிய வங்கிகளில் கட்டுமானத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கும், எல்லாம் இயந்திரம்போல ஓடும். ஏதாவது சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஆளிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தற்காலிக விசா என்றால் பெரிய வங்கிகளிலிருந்தே தொடங்குங்கள். பி.ஆர். உள்ளவர்கள் ஒரு பெரிய வங்கி, ஒரு உறுப்பினர் வங்கி இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

எங்கே போனாலும் இவற்றைக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். விலைச்சீட்டு வந்து எத்தனை வேலை நாளில் பணம் போகும்? எந்தெந்த நிலையில் மதிப்பீட்டாளரை அனுப்புவீர்கள், அதற்கு யார் கட்டணம்? ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கட்டணம் உண்டா? கட்டும் காலத்தில் ஆஃப்செட் கணக்கு (அதில் இருக்கும் பணத்தைக் கழித்து மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் கணக்கு) வேலை செய்யுமா? கட்டி முடிக்க எத்தனை மாத அவகாசம், தாண்டினால் என்ன? எங்கள் பில்டரோடு இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் சில சமயம் பில்டரைப் பற்றியும் ஏதாவது தெரியவரும்.

மதிப்பீடு குறைந்தால்

வங்கியின் மதிப்பீட்டாளர் இன்னும் கட்டப்படாத வீட்டுக்கு வரைபடத்தையும் ஒப்பந்தத்தையும் பார்த்து விலை போடுவார். உங்கள் செலவு 7.2 லட்சம், அவர் 6.9 என்கிறார் என்று வையுங்கள். 90 சதவீதம் கடன் என்றால் 6.48 லட்சத்துக்குப் பதில் 6.21 லட்சம்தான் கிடைக்கும். 27,000 டாலர் நீங்கள் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும். வங்கிக்கு வங்கி மதிப்பீடு மாறும். ஒரு இடத்தில் குறைந்தது என்பதற்காக மனையைக் கைவிட வேண்டாம், இன்னொரு இடத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் மனை ஒப்பந்தத்தில் கடன் கிடைத்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

புதுக் குடியிருப்பு மனைகளில் இன்னொரு சிக்கல், டைட்டில். விற்கும்போது மனைக்குத் தனிப் பத்திரமே இருக்காது. ஆறு மாதத்தில் வரும் என்பார்கள், ஒரு வருடம் ஆகும். வங்கியின் ஒப்புதலோ பெரும்பாலும் 90 நாள்தான் நிற்கும். இடையில் வேலை மாறினாலோ, காருக்குக் கடன் எடுத்தாலோ, குழந்தை பிறந்து ஒரு சம்பளம் நின்றாலோ மறுபடி கணக்குப் போடுவார்கள். இப்போதைய வட்டிக்கு மேல் 3 சதவீதம் கூட்டி, அதையும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் விதி. டைட்டிலுக்குக் காத்திருக்கும் காலத்தில் புதுக் கார் வேண்டாம். பயன்படுத்தாத கிரெடிட் கார்டு இருந்தால் மூடுங்கள். நீங்கள் ஒரு காசு எடுக்காவிட்டாலும் அதன் வரம்பைக் கடனாகவே எண்ணுவார்கள்.

வங்கிக் கணக்கில் அவர்கள் பார்ப்பது

சீட்டு. மெல்பர்னின் டாண்டினோங்கிலும் சரி, சிட்னியின் வெண்ட்வொர்த்வில்லிலும் சரி, நம் ஆட்கள் சீட்டுப் பிடிக்காத ஊர் இல்லை. மாதாமாதம் ஒரே பெயருக்கு 1,000 டாலர் போவதைப் பார்த்தால் வங்கி அதைத் தனியாள் கடனுக்கான தவணையாக எடுத்துக்கொள்ளும். சீட்டு எடுத்து மொத்தமாக வந்த பணத்தையோ சேமிப்பாக ஏற்காது. விண்ணப்பிக்கும் முன் சீட்டை முடித்து, பணத்தை உங்கள் கணக்கில் மூன்று மாதமாவது வைத்திருங்கள். சேமிப்பு என்று ஒப்புக்கொள்ள பல வங்கிகள் கேட்பது அதுதான். ஊரிலிருந்து அப்பா அம்மா அனுப்பும் பணத்துக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற கடிதம் வேண்டும். இந்தியாவிலிருந்து என்றால் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அங்கே வரி முன்கூட்டிப் பிடிப்பார்கள். செட்டில்மென்ட் வாரத்தில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

கடன் புரோக்கர் வழியாகப் போவது தவறில்லை. 2021 முதல் வாடிக்கையாளர் நலனுக்கே முதலிடம் தர வேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டுகிறது. கமிஷன் வங்கியிடமிருந்து வருவதால் உங்களிடம் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் சிறிய உறுப்பினர் வங்கிகள் எல்லாம் அவர்கள் பட்டியலில் இருக்காது. அவற்றை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். மனை விற்பவரே கூட்டிவரும் புரோக்கரிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கையெழுத்துக்குப் பின் மாற்றம்

வங்கி கடன் தருவது ஒப்பந்தத்தில் உள்ள தொகைக்குத்தான். சமையலறை அக்கினி மூலைக்கு வர வேண்டும், சாமி அறைக்கு ஒரு சுவர், மீன் பொரிக்கப் பின்னால் தனி அடுப்பறை என்று பிறகு தோன்றினால் அந்தச் செலவு உங்கள் பையிலிருந்து போகும். வாஸ்து பார்ப்பவர்கள் மனை வாங்கும் முன்னேயே பார்த்துவிடுங்கள், வரைபடம் உறுதியான பிறகு அல்ல. மெல்பர்னின் மேற்குப் பக்கம் எரிமலைப் பாறையும் விரிந்து சுருங்கும் களிமண்ணும் உள்ள நிலம். தோண்டினால் பாறை வரும், அடித்தளச் செலவு ஏறும். இந்த மாதிரி நில வேலைச் செலவுக்கு உச்சவரம்பு எழுதித் தராத பில்டரின் குறைந்த விலையை நம்பி வங்கிக்குப் போகாதீர்கள். வேலி, கார் பாதை, திரைச்சீலை, குளிரூட்டி ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் விலைக்குறிப்புகளைக் கடனோடு சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடித்த பின் கேட்டால் நடக்காது.

2023 மார்ச் 31 அன்று போர்ட்டர் டேவிஸ் என்ற பெரிய பில்டர் நிறுவனம் முடங்கியபோது விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் சுமார் 1,700 வீடுகள் பாதியில் நின்றன. டெபாசிட் கட்டியும் தங்கள் பெயரில் கட்டுமானக் காப்பீடே எடுக்கப்படவில்லை என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. வங்கி, கட்டுமானத் தவணைக்கு முன் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும். ஆனால் டெபாசிட்டைப் பலர் அதற்கு முன்பே சொந்தப் பணத்தில் கட்டிவிடுகிறார்கள், ஓட்டை அங்கேதான். சான்றிதழை வாங்கி, அது உண்மைதானா என்று காப்பீடு தந்த அமைப்பிடமே சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். காப்பீட்டு விதிகளை மாநில அரசு மாற்றிவருகிறது. உங்கள் ஒப்பந்தத் தேதிக்கு எது பொருந்தும் என்று 2025 ஜூலையில் தொடங்கிய பில்டிங் அண்ட் பிளம்பிங் கமிஷனிடம் கேட்கலாம்.

ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்துப் போடும் முன் தனிப்பட்ட கட்டட ஆய்வாளர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வங்கி அனுப்பும் ஆள், கொடுத்த பணத்துக்கு வீடு வளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். கடைசித் தவணைக்கு முன் வீட்டில் குடியேறலாம் என்ற அனுமதிச் சான்றிதழும் வீட்டுக் காப்பீடும் வங்கி கேட்கும், மதிப்பீட்டாளரும் ஒருமுறை வருவார். கடைசிப் பணம் போன பிறகுதான் பில்டர் சாவி தருவார். இறுதி விலைச்சீட்டு வருவதற்கு ஒரு வாரம் முன்பே வங்கியிடம் நாள் கேட்டு வையுங்கள். டிசம்பரில் முடிகிற வீடு என்றால் இன்னும் முன்பே கேளுங்கள். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை பில்டர் அலுவலகத்திலும் சரி, வங்கியிலும் சரி, ஆள் பிடிப்பது கஷ்டம்.