மரம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்களா? சிற்றிலையை இலை என்று கொடுக்காதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். கைக்கெட்டிய கிளையிலிருந்து ஒரு கொத்தை ஒடித்தார், ஒவ்வொன்றாகக் கிள்ளி ஆளுக்கு ஒன்று கொடுத்தார், "இதுதான் வேப்பிலை, நோட்டில் ஒட்டிக்கோங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம் நான் செய்ததும் அச்சு அசலாக இதேதான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, போகும்போதும் வரும்போதும் தலை எண்ணுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கீழே இருப்பவை மரம் பார்க்கப் போகும்போது நாம் செய்யும் தவறுகள்.

சிற்றிலையை இலை என்று கொடுப்பது

வேம்பில் நாம் கிள்ளிக் கொடுக்கிறோமே, ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி வெட்டுள்ள அந்தச் சின்னத் துண்டு, அது இலை இல்லை, சிற்றிலை. ஈர்க்கோடு, அதாவது சிற்றிலைகளைத் தாங்கும் நடுக்காம்போடு, சேர்ந்த முழுக் கொத்துதான் ஒரு இலை. 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை நீளும், அதில் 20, 30 சிற்றிலைகள் இருக்கும். பேச்சில் துண்டையும் வேப்பிலை என்கிறோம், கொத்தையும் வேப்பிலை என்கிறோம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மரத்தை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்க வந்த இடத்தில், முதல் நாளே, துண்டைக் கையில் கொடுத்து இதுதான் இலை என்று சொன்னால் அந்தப் பிள்ளை அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும்.

சின்னப் பிள்ளைகள்தானே, இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். வேம்புக்கு அடுத்த வாரம் புங்கை. புங்க இலையில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், ஒவ்வொன்றும் அகலமாக, பளபளவென்று, தனியாகக் கிள்ளினால் சத்தியம் செய்து தனி இலை என்று சொல்லலாம் போலிருக்கும். அதையும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அப்புறம் ஆல், அப்புறம் மா. நான்கு வாரம் கழித்து நோட்டுகளைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் ஒற்றைத் துண்டு ஒட்டியிருக்கிறது. ஒன்று நீளம், ஒன்று அகலம், அவ்வளவுதான் வித்தியாசம். தனி இலை, கூட்டிலை (பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை) என்று பலகையில் எழுதிக் கேட்டபோது ஒரு பையன் எழுந்து, "புங்கை தனி இலைதானே சார், நீங்கதானே கொடுத்தீங்க" என்றான். அவன் சொன்னதில் பிழையே இல்லை, நான் கொடுத்தது அதுதான். அந்தப் பருவம் முடியும்வரை அதை மாற்ற முடியவில்லை. கண்ணால் பார்த்து, கையால் ஒட்டிய ஒன்றை வாயால் சொல்லி அழிக்க முடியாது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. முதல் நாள் வேப்பமரத்தடியில் ஒரு சிறுமி தரையில் கிடந்த காய்ந்த ஈர்க்கு ஒன்றை எடுத்துவந்து, "சார், இது குச்சியா?" என்று கேட்டாள். அடி கொஞ்சம் தடித்து, இரண்டு பக்கமும் சிற்றிலைகள் ஒட்டியிருந்த இடங்களில் பொட்டுப் பொட்டாக வடுக்களோடு இருந்தது. நான் ஒட்டுகிற வேலையில் மும்முரமாக இருந்தேன். "குப்பை, கீழே போடு" என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய பாடம் முழுக்க அந்தப் பிள்ளையின் கையில் இருந்திருக்கிறது. குச்சி இல்லம்மா, அது இலையோட முதுகெலும்பு, சிற்றிலை எல்லாம் உதிர்ந்தப்புறம் அதுவும் மரத்தை விட்டு விழுந்துடும், கிளை அப்படித் தினமும் விழாது இல்லையா, என்று ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும்.

சரி, எப்படிச் செய்வது? கிள்ளாதீர்கள். கொத்தைக் கிளையில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டு, "இந்த இலை எங்கே ஆரம்பிக்குது?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் விரலை நுனியிலிருந்து பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வரட்டும். காம்பு கிளையில் சேரும் மூலையில் ஒரு மொட்டு இருக்கும். அந்த மூலையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்ந்து ஒரே இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது, ஈர்க்கின் நுனியில் குருத்தும் இருக்காது. வேம்பின் மொட்டு பொடிசு, எட்டு வயதுக் கண்ணுக்கு உடனே படாது. அப்போது இலை உதிர்ந்த தழும்பைக் காட்டுங்கள், மொட்டு அதற்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும்.

இதை நன்றாகப் பழகியபின் ஒருநாள் நெல்லி மரத்தடிக்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம். நெல்லியின் மெல்லிய கிளைகளில் குட்டி இலைகள் இருபுறமும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து எல்லாரும் கூட்டிலை என்று கத்துவார்கள். பூவும் காயும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குச்சியோடு ஒட்டித்தான் இருக்கும். கூட்டிலையின் ஈர்க்கில் காய் காய்ப்பதில்லை. ஆக அது சின்னக் கிளை, அதில் இருப்பவை தனி இலைகள். அந்தக் கிளைகளும் இலை மாதிரியே உதிரும் என்பதால், விழுவதை மட்டும் வைத்து முடிவு செய்தால் நெல்லியில் ஏமாந்துபோவோம். மொட்டும் காயும்தான் சாட்சி. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்கும்போது போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

போனவுடன் பெயரைச் சொல்வது

பெயர் காதில் விழுந்ததும் பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள், மரத்தை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நான் முதல் இரண்டு நடைக்கும் பெயரைச் சொல்வதில்லை, அவர்களே ஒன்று வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். அரச மரத்துக்கு ஒரு வகுப்பு "வால் இலை மரம்" என்று வைத்தது. இலை நுனி வால் மாதிரி நீண்டிருப்பதைத் தொட்டுப் பார்த்து வைத்த பெயர். பின்னால் பூவரசைப் பார்த்தபோது, அதுவும் இதய வடிவ இலைதான், ஆனால் "இதுக்கு வால் இல்ல சார்" என்று அவர்களே பிரித்துவிட்டார்கள்.

நெட்டிலிங்கத்தை அசோக மரம் என்று சொல்வது

ஆசிரியர்களே செய்யும் தவறு இது. கட்டடங்களின் ஓரத்தில் ஒல்லியாக, ஊசிக் கோபுரம் மாதிரி நிற்கும் மரம் நெட்டிலிங்கம். இலை ஓரம் அலை அலையாக இருக்கும், தனி இலை. அசோகம் வேறு குடும்பம். கூட்டிலை, இளந்தளிர்கள் கொத்தாகத் தொங்கும், பூ ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும். காம்பின் அடியைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை இதில் குழம்பாது.

ஒரு மணி நேரத்தில் இருபது மரம்

மூன்று போதும்.

பூவை மட்டும் அடையாளமாகச் சொல்வது

மஞ்சள் பூ என்றால் சரக்கொன்றை என்று சொல்லிக்கொடுத்தால் இயல்வாகையும் சரக்கொன்றை ஆகிவிடும். பூ கொட்டிய பிறகு இரண்டையுமே அடையாளம் தெரியாது. காயைப் பார்க்கப் பழக்குங்கள், அது மாதக்கணக்கில் மரத்தில் கிடக்கும். சரக்கொன்றையின் காய் நீண்ட உருண்டைத் தடி மாதிரி தொங்கும். இயல்வாகையின் காய் தட்டை, செம்பு நிறம். இலையும் வேறு: சரக்கொன்றையில் பெரிய சிற்றிலைகள் ஒரே ஈர்க்கில் சில ஜோடிகள், இயல்வாகையில் ஈர்க்கே கிளை பிரிந்து அதில் பொடிப்பொடியாகச் சிற்றிலைகள்.

ருசி பார்ப்பதும் பால் வருகிறதா என்று கிள்ளுவதும்

கூடாது. ஆலிலும் அரசிலும் பால் வரும், அரளியிலும் வரும். அரளியின் எல்லாப் பாகமும் விஷம், பிள்ளை அதே கையால் கண்ணைக் கசக்கும்.

முருங்கையில் சாய்வது

அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கிட்டே விடுங்கள்.

இலைப் பட அட்டையைக் கையில் கொடுப்பது

அட்டையில் புளியும் தேக்கும் ஒரே அளவு. வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஒருமுறை போய்விட்டு முடித்துக்கொள்வது

மாந்தளிர் செம்பழுப்பாக இருக்கும்போது முதன்முதலாகப் பார்த்த பிள்ளை மாவைச் சிவப்பு இலை மரம் என்று எழுதிவைக்கும், அதற்குப் பிறகு நீங்கள் அங்கே போகவில்லை என்றால் அது அப்படியேதான் இருக்கும். தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலையை மடக்கிக்கொள்வதை மதியம் மட்டும் போகிறவர்கள் பார்க்கவே போவதில்லை. ஒரே மூன்று மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், வேளை மாற்றிப் போங்கள். இலை கொட்டிய நாளில் கட்டாயம் போங்கள்.

நாட்டு வாதுமை இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து மொட்டையாக நின்ற ஒருநாள் ஒரு வகுப்பைக் கூட்டிப்போனேன். இலையே இல்லையே, எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் முழித்தார்கள். அப்புறம் ஒரு பையன் எதுவும் பேசாமல் இரண்டு கையையும் தோளுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றான். பின்னால் நின்றவன் அவனுக்குக் கொஞ்சம் மேலே கையை நீட்டினான், மூன்றாமவன் பெஞ்சு மேல் ஏறி அதற்கும் மேலே நீட்டினான். வாதுமையின் கிளைகள் அப்படித்தான், தட்டுத் தட்டாக, கிடையாகப் போகும்.