வீட்டு பீரைக் கெக்கில் அடைப்பது எப்படி? சிக்கனமாக ஒரு தொடக்கம்

20 லிட்டர் பீர் காய்ச்சினால் 330 மில்லி போத்தல்கள் 60 வேண்டும். ஒவ்வொன்றையும் கழுவி மூடியிட்டு முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். பீரை வாயு அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உலோகக் கலனான கெக் என்றால் கழுவ வேண்டியது ஒன்றே ஒன்று. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள், வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்சலாம். விற்கக்கூடாது.

முதலில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து அளந்து பாருங்கள். குளிர்பானப் பாகு அடைக்கப் பயன்பட்ட 19 லிட்டர் கார்னி கெக் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் குடும்பத்துக்கென இருக்கும் பெட்டியில் அதற்கு இடமிருக்காது. 4 லிட்டர் எஃகுக் கெக் ஒன்றை வாங்கித் தொடங்குவதே நல்லது. மீதி பீரைப் போத்தலில் அடையுங்கள்.

பழைய கெக் வாங்கலாம், தவறில்லை. பீரை ஊற்றும் குழாய்முனைக்கு மலிவான பிளாஸ்டிக் கைக்குழாய் போதும். ரெகுலேட்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பீருக்கு நுரையூட்டும் கரியமில வாயு சிலிண்டரில் வரும்; நம் ஊர் வெப்பத்தில் அதற்குள் அழுத்தம் ஏறக்குறைய 1,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு). அதை 12-க்கு இறக்கித் தருவது அந்தக் கருவிதான்.

பழைய கார்னி கெக்கில் குளிர்பானப் பாகின் வாடை ரப்பர் வளையங்களில் ஊறியிருக்கும். ஐந்தையும் மாற்றிவிடுங்கள். கெக்கைக் கழுவி, தொற்றுநீக்கி ஊற்றிக் குலுக்குங்கள். நொதித்தல் முடிந்த பீரைச் சிறு குழாய்வழி, சலசலப்பில்லாமல், அடியிலிருந்து நிரப்புங்கள். காற்று கலந்தால் பீரில் ஈர அட்டை வாடை வந்துவிடும். மூடியபின் வாயுவைச் செலுத்தி, பாதுகாப்பு வால்வை இழுத்து வெளியேற்றுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் உள்ளிருக்கும் காற்று பெரும்பாலும் போய்விடும்.

இனி வருவதுதான் முக்கியம். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீரைத் தடவிக் காத்திருங்கள். ஊசிமுனையளவு குமிழ் ஒன்று தோன்றி, மெல்லப் பருத்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடி முளைத்தால் அங்கே கசிவு இருக்கிறது. என் முதல் சிலிண்டர் முழுவதும் ஒரே இரவில் இப்படித்தான் காலியானது. வாயு போனது மட்டுமல்ல, மூடிய சிறு அறையில் கரியமில வாயு தேங்குவது உயிருக்கே ஆபத்து. சன்னலைத் திறந்து வையுங்கள். சிலிண்டரைச் சாய்க்காமல் நிறுத்திக் கட்டுங்கள்.

பிறகு 4 டிகிரியில் குளிரவைத்து, 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு வாரம் விடுங்கள். வெளியே 30 டிகிரியில் இதே அளவு வாயு கரைய ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். அதனால் குளிர்ச்சி இல்லாமல் முயலவே வேண்டாம்.

ஊற்றும்போது நுரை மட்டுமே வந்தால், கெக்கிலிருந்து கைக்குழாய்க்குப் பீர் வரும் குழாய் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 3 மீட்டர் வேண்டும். அதைச் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கைக்குழாயை முழுவதும் திறந்து ஊற்றுங்கள், பாதி திறந்தாலும் நுரைக்கும். முதல் அரைக் கோப்பையில் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கலாக வரும். அதைக் கொட்டிவிட்டு அடுத்த கோப்பையைப் பிடியுங்கள்.