அப்பீல் திகதி வரும்வரை வழக்குக் கோப்பை எப்படிக் காப்பது

லண்டனில் என் அகதி வழக்கின் அப்பீல் விசாரணைக்கு வர 22 மாதங்கள் பிடித்தன. முன்னால் நிற்கும் வரிசையை நம்மால் நகர்த்த முடியாது. ஆனால் காத்திருக்கும் காலத்தில் நம் கோப்பு பழசாகிவிடும். அதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஹோம் ஒபிஸின் (பிரித்தானிய உள்துறை அமைச்சின்) நிராகரிப்புக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அப்பீல் போட வேண்டும். கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்து அழுதுகொண்டிருந்தால் அந்த நாட்களும் கணக்கில்தான் போகும்.

வீடு மாறியபோது ஹோம் ஒபிசுக்கு அறிவித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் அப்பீலை விசாரிக்கும் தீர்ப்பாயம் வேறு, ஹோம் ஒபிஸ் வேறு. அப்பீலில் ஹோம் ஒபிஸ் நமக்கு எதிர்த்தரப்பு. விசாரணைத் திகதி பழைய வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்த அண்ணர் தொலைபேசியில் சொல்லியிராவிட்டால் நான் இல்லாமலே விசாரித்திருப்பார்கள். தீர்ப்பாயம், ஹோம் ஒபிஸ், உங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டர் மூவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஊரிலிருந்து அம்மா கிராம சேவகர் கடிதமும் சமாதான நீதவான் கடிதமும் அனுப்பினார். கடிதங்களை எடுத்துக்கொண்டு உறையை எறிந்துவிட்டேன், மடையன். "இவை எப்படி உங்களிடம் வந்தன?" என்று விசாரணையில் கேட்டார்கள். முத்திரையும் திகதியும் உள்ள உறை அதற்குப் பதில் சொல்லியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

ஹோம் ஒபிஸ் உங்களிடம் நடத்திய நேர்காணலின் பதிவை எடுத்து ஒவ்வொரு கடிதத்தோடும் ஒப்பிட்டுப் படியுங்கள். என்னைப் பிடித்தது ஆவணியில் என்று அம்மா எழுதியதை மொழிபெயர்த்தவர் ஆகஸ்ட் ஆக்கிவிட்டார். நான் செப்டம்பர் முதல் வாரம் என்று சொல்லியிருந்தேன். பஞ்சாங்கப்படி இரண்டும் சரி. ஆனால் பஞ்சாங்கத்தை நீதிபதி எங்கே கண்டார்? இப்படிப்பட்ட முரணை முன்கூட்டியே சொலிசிட்டரிடம் சொல்லி, வாக்குமூலத்தில் விளக்கம் சேர்க்கச் செய்யுங்கள்.

இங்கு நீங்கள் போன ஆர்ப்பாட்டங்களின் படங்களை மட்டும் குவிப்பதில் பெரிய பயன் இல்லை. இலங்கைத் தமிழர் வழக்குகளுக்கு மேல் தீர்ப்பாயம் 2021இல் தந்த வழிகாட்டல் தீர்ப்பு, தமிழ்ப் பிரிவினைவாத அரசியலில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க பங்கு இருப்பதாக இலங்கை அரசு கருதுமா என்று பார்க்கிறது. ஆகவே திகதி, இடம், நீங்கள் ஏற்ற பொறுப்பு, அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் எல்லாவற்றையும் அன்றே குறித்து வையுங்கள்.

உடலில் சித்திரவதைத் தழும்போ, இரவில் தூக்கமின்மையோ இருந்தால் டாக்டரிடம் இப்போதே போங்கள். விசாரணைக்கு முந்திய வாரம் முதல்முறையாகச் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாகத் தரும். அவருடைய தமிழ் விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே கையை உயர்த்திச் சொல்லுங்கள்.