மறுப்புக் கடிதம் வந்தபின் டொக்டரிடம் எப்படிப் போவது?

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கோட் ரூமில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். பழைய டிக்கெட், அதாவது வார்ட்டில் இருந்தபோது எழுதிய சிகிச்சைத் தாள், தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பின்னால் ஏதாவது ஒரு கொடுப்பனவு இருக்கும். அதனால் கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் மருமகன் அந்தக் கடிதத்தை நீட்டி, “மாமா, ஏலாதெண்டுட்டாங்க” என்றபோது எனக்கு அது புதினமாக இருக்கவில்லை. நாடு மட்டும்தான் வேறு.

அவன் 2011 முதல் 2016 வரை அமெரிக்க இராணுவத்தில் ட்ரக் மெக்கானிக். வலது முழங்காலுக்கும் இடுப்புக்கும் அங்கவீனக் கொடுப்பனவு கேட்டிருந்தான். அதைக் கொடுப்பது அங்குள்ள முன்னாள் படைவீரர் திணைக்களம்; வி.ஏ. என்பார்கள். இரண்டுக்கும் மறுப்பு.

முதலில் கடிதத்தைக் கடைசிவரை படியுங்கள். இவன் முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டான். வி.ஏ. பொதுவாக மூன்று விஷயம் பார்க்கும்: இப்போது நோய் இருக்கிறதா, சேவைக்காலத்தில் ஏதாவது நடந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா. கடிதத்துக்குள் உங்களுக்குச் சாதகமாக ஏற்றுக்கொண்டவை என்று ஒரு பகுதி இருக்கும். அதற்கு அடிக்கோடு போடுங்கள். தெளிவான பிழை இருந்தாலொழிய, பிறகு பார்க்கிற அதிகாரி அதை மாற்ற முடியாது. மருமகனுக்கு முழங்கால் தேய்வையும், 2014 இல் விழுந்ததையும் ஏற்றிருந்தார்கள். மிச்சம் தொடர்பு ஒன்றுதான். ஆக, திரும்பவும் எக்ஸ்ரே, ஸ்கான் என்று காசைக் கரைக்கத் தேவையில்லை.

விண்ணப்பத்தோடு அவன் அனுப்பியிருந்த டொக்டர் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று வரி. முழங்கால் வலியால் அவதிப்படுகிறார், இராணுவ வேலையால் வந்திருக்கலாம், ஆவன செய்யவும். டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கிளினிக் நாளில் அறுபது நம்பருக்கு நடுவில் கேட்டால் மூன்று வரிதான் வரும். ஆனால் ‘வந்திருக்கலாம்’ என்ற அந்தச் சொல்தான் கெடுத்தது. வந்திருக்கலாம் என்றால் வராமலும் இருந்திருக்கலாம்தானே. அதை வெறும் ஊகம் என்று தள்ளிவிடுவார்கள்.

அடுத்தது உங்கள் பைல். வி.ஏ.யிடம் இருக்கிற முழுக் கோப்பையும் 20-10206 என்ற படிவத்தால் கேட்டு எடுக்கலாம். சில நூறு பக்கம் வந்தது. மூன்று இரவு இருந்து புரட்டினேன். பழைய தொழில்தானே, கை தானாகப் போனது. இரண்டு தாள் அகப்பட்டன. ஒன்று, 2011 இல் சேரும்போது செய்த பரிசோதனை: முழங்கால்கள் சாதாரணம். மற்றது, 2014 மார்ச் முகாம் கிளினிக் தாள்: ட்ரக்கின் பின்பக்கத்தால் இறங்கும்போது வழுக்கி விழுந்தார், வலது முழங்கால் வீக்கம், ஐபுப்ரோஃபன், ஏழு நாள் லேசான வேலை. நாலு வரிக் கிறுக்கல். எல்லாம் அந்தக் கிறுக்கலில்தான் நின்றது.

இனி டொக்டர். கிளினிக் நாளில் போகாதீர்கள். எலும்பு சம்பந்தமான நிபுணர் ஒருவரைப் பின்னேரம் சனல் பண்ணுங்கள், அதாவது காசு கட்டி நம்பர் எடுத்துத் தனியாகப் பாருங்கள். முந்நூறு பக்கத்தையும் தூக்கிக்கொண்டு போகாமல் தேவையான தாள்களை மட்டும் கொண்டுபோங்கள். நான் ஒரு பக்கத்தில் திகதிவாரியாக எழுதி, அந்த இரண்டு தாளையும் மஞ்சள் ஒட்டுத்தாளோடு மேலே வைத்தேன். டொக்டர் கண்ணாடியைப் போட்டு இரண்டையும் வாசித்தார். பிறகு கேட்டார்: “சின்ன வயசில ஏதும் அடிபட்டதா?” மருமகன் என்னைப் பார்த்தான். ஒன்பது வயதில் கல்லடிப் பாலத்தடியில் சைக்கிளால் விழுந்தவன். சொல்லு என்றேன். மறைத்து வாங்கிய கடிதம் ஒருநாள் அம்பிடும். தவிர, சேரும்போது முழங்கால் சாதாரணம் என்று அவர்களே எழுதிவிட்டால், சட்டம் அவனை நல்ல காலோடு சேர்ந்தவனாகத்தான் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். டொக்டர் அந்த விழுகையையும், அது ஆறிப்போனதையும் எழுதினார்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: அவருடைய தகுதி, நேரில் பரிசோதித்தது, எந்தெந்தத் தாளைத் திகதியோடு பார்த்தார் என்பது, நோயின் சரியான பெயர், அப்புறம் அவருடைய முடிவு. முடிவுக்கு வி.ஏ. தேடுகிற சொற்றொடர் ‘அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நொட்’, அதாவது சேவையால் வராமலிருக்க எவ்வளவு வாய்ப்போ, வந்திருக்கவும் குறைந்தது அவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது. ஐம்பதுக்கு ஐம்பது இருந்தாலே காணும். இரண்டு பக்கச் சான்றும் சமமாக நின்றால் பலன் படைவீரருக்குத்தான். நூறு வீதம் என்று எழுதச் சொல்லி டொக்டரை நெருக்காதீர்கள், அவர் பின்வாங்கிவிடுவார்.

ஆனால் அந்தச் சொற்றொடரைப் போட்டுவிட்டு ‘ஏன்’ என்பதை விட்டால் கடிதத்துக்குப் பாரமில்லை. எங்கள் டொக்டர் எழுதிய காரணம் எனக்குப் பிடித்தது: இடது முழங்காலுக்கும் அதே வயது, அதே உடல் பாரம், அதில் தேய்வு இல்லை, விழுந்த காலில் மட்டும்தான் இருக்கிறது.

அவன் 2016 இலிருந்து 2021 வரை ஒரு டொக்டரிடமும் போகவில்லை. அந்த இடைவெளியை அதிகாரி கட்டாயம் கேட்பார். அதற்குக் கண்டவர்களின் வாக்குமூலம், 21-10210 படிவத்தில். பக்கத்து வீட்டு மாமி எழுதினார்: 2018 ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு வந்தவன் தீர்த்தக்குளப் படியில் ஒற்றைக் காலை இழுத்து இறங்கினான், சோற்றுக்குச் சம்மணம் கட்டி இருக்க ஏலாமல் கதிரை கேட்டான். மாமி முதலில் ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்று எழுதியிருந்தார், வெட்டச் சொன்னேன். நோயின் பெயர் டொக்டர் சொல்ல வேண்டியது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் போதும்.

புதுச் சான்று கையில் இருந்தால் போடவேண்டிய படிவம் 20-0995. மேலதிகாரியின் மீள்பார்வை என்று 20-0996 இருக்கிறது. அதில் புதுத் தாள் எதையும் எடுக்க மாட்டார்கள், டொக்டர் கடிதம் வீணாகிவிடும். மறுப்புக் கடிதத் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் முதல் விண்ணப்பத் திகதி பிழைக்கும், பின்காசும் அதிலிருந்துதான் கணக்கு. வி.ஏ. அங்கீகரித்த படைவீரர் சங்கங்கள் இலவசமாக உதவும். டொக்டர் கடிதத்துக்கே பெருந்தொகை கேட்கிற ஆட்களிடம் போகாதீர்கள்.

முழங்காலுக்குப் பத்து வீத அங்கவீனம் என்று கிடைத்தது. இடுப்பு இன்னும் இல்லை. அதற்கு வழி வேறு: ஏற்கப்பட்ட முழங்காலால் நொண்டி நடந்து இடுப்பு கெட்டது என்று டொக்டர் காரணத்தோடு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்குச் சனல் பண்ணியிருக்கிறோம், நம்பர் 14.