பாஹின் முழு இசைத்தொகுப்பு: எந்தப் பெட்டியை எடுப்பது? புதியவர்களுக்குப் படிப்படியாக

ஜெர்மன் இசையமைப்பாளர் யொஹான் செபஸ்தியன் பாஹின் இசை முழுவதும் ஒரே பெட்டியில் வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இறுவட்டுகளின் எண்ணிக்கையைத்தான். 153, 172, 222 என்று வரிசையாகப் பார்த்தால் பெரிய எண்ணே நல்லது என்று தோன்றிவிடும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். எந்த முழுத்தொகுப்பை எடுத்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவை அவருடைய தேவாலயக் கான்டாட்டாக்களே பிடித்துக்கொள்ளும், அதாவது ஞாயிறு ஆராதனைக்கென்று பாடகர்களுக்கும் வாத்தியங்களுக்கும் சேர்த்து எழுதியவை. நமக்குக் கிடைத்திருப்பவை சுமார் 200. யார் நடத்திய கான்டாட்டா பதிவு உள்ளே இருக்கிறதோ, அதுதான் அந்தப் பெட்டியின் குணம். மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: காசைத் தொடாமல் கொஞ்ச நாள் கேளுங்கள்

நெதர்லாந்து பாஹ் சங்கம் 2014 முதல் பாஹின் படைப்புகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டு வருகிறது. பதிவின் தரம் மிக நன்றாக இருக்கும், யூடியூபிலும் பார்க்கலாம். வீடியோவாகப் பார்த்தால் டேட்டாவுக்கு ரீலோட் போட்டே கை சலித்துவிடும், ஆகவே படத்தின் தரத்தை மிகக் கீழே இறக்கிவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். லயத்துக் கோடியில் போய் நின்றால்தான் சிக்னல் வரும் என்கிற தோட்டங்களில் இருப்பவர்கள், ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகிற நாளில் வேண்டியதை போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது? தேவாலயத்தில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமையில் நம் ஆலயங்களில் பாடுகிற ‘ரத்தம் காயம் குத்தும்’ ஜெர்மன் பாட்டின் தமிழாக்கம். அதே மெட்டு பாஹின் மத்தேயு பாடுகளில், அதாவது மத்தேயு நற்செய்தியின்படி இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் பெரிய படைப்பில், ஐந்து தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் சுருதியோ அடியில் ஓடுகிற சுரச்சேர்க்கையோ மாறி மாறி. மெட்டு தெரிந்த காதுக்கு அந்த மாற்றம் உடனே பிடிபடும். ஐந்தையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள், பாஹ் என்ன செய்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. தேவாலயப் பழக்கம் இல்லாதவர்கள் தனி வயலின், தனி செல்லோ படைப்புகளிலிருந்து தொடங்கலாம், ஒரே வாத்தியம் என்பதால் காது குழம்பாது.

படி 2: எண்களைப் பழகுங்கள்

பாஹின் ஒவ்வொரு படைப்புக்கும் பி.டபிள்யூ.வி. (BWV) என்று தொடங்கும் எண் உண்டு. வுல்ஃப்காங் ஷ்மீடர் 1950இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது. எழுதிய ஆண்டின்படி போகாமல் இசைவகையின்படி போகும்: தொடக்கத்தில் கான்டாட்டாக்கள், 232 பி மைனர் திருப்பலி, 244 மத்தேயு பாடுகள், 525இலிருந்து ஆர்கன், 772இலிருந்து விசைப்பலகை, 1001இலிருந்து தனி வயலின், 1046இலிருந்து பிராண்டன்பர்க் கொன்செர்ட்டோக்கள். இவ்வளவு தெரிந்தால் எந்தப் பெட்டியின் உள்ளடக்கப் பட்டியலையும் வாசித்துவிடலாம்.

படி 3: உள்ளே யார் பாடுகிறார்கள் என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாக வாசியுங்கள்.

டெல்டெக் நிறுவனத்தின் ‘பாஹ் 2000’ 153 வட்டுகள். பாஹ் இறந்து 250 ஆண்டு நிறைவையொட்டி வந்தது. இதில் கான்டாட்டாக்கள் நிக்கோலாஸ் ஹார்னன்கூர், குஸ்டாவ் லியோன்ஹார்ட் இருவரும் பங்கிட்டு நடத்தியவை, 1971இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டு வேலை. பாஹ் காலத்து வாத்தியங்கள், குரல் உடையாத சிறுவர்கள் பாடும் சொப்ரானோ, அதாவது மிக உயர்ந்த குரலுக்குரிய பகுதி. பாஹ் வேலை பார்த்த லைப்சிக் நகரத்து ஆலயத்தில் அந்தப் பகுதிகளைப் பாடியவர்கள் சிறுவர்கள்தான், ஆகவே இது சும்மா ஒரு விருப்பம் இல்லை, வரலாறு அவர்கள் பக்கம் இருக்கிறது.

ஹென்ஸ்லர் நிறுவனத்தின் ‘பாஹ் அகடமி’ பதிப்பு 172 வட்டுகள். ஹெல்முட் ரில்லிங் நடத்தியது, நவீன வாத்தியங்கள், பெண்கள் பாடும் சொப்ரானோ. ஆர்லீன் ஓஜேயின் குரலுக்காகவே இந்தத் தொகுதியை விரும்புகிறவர்கள் உண்டு.

பிரில்லியண்ட் கிளாசிக்ஸ் பதிப்பு விலை குறைவு, மறுவெளியீட்டுக்கு மறுவெளியீடு வட்டுகளின் எண்ணிக்கை மாறும். கான்டாட்டாக்களை பீட்டர் யான் லூசிங்க் ஹாலந்து சிறுவர் பாடகர் குழுவை வைத்து 1999, 2000 ஆண்டுகளுக்குள் மளமளவென்று பதிவு செய்து முடித்தார். அந்த அவசரம் சில இடங்களில் நன்றாகவே கேட்கும். கூட்டுப்பாடலில் சிறுவர்கள், தனிப்பாடலில் ரூத் ஹோல்டன் போன்ற பெண்கள். சொப்ரானோவுக்கு அடுத்துக் கீழே வரும் ஆல்டோ பகுதியைப் பாடும் சிட்சே புவால்டாவின் குரல் சிலருக்கு உயிர், சிலருக்கு ஒவ்வாது. கேட்காமல் வாங்க வேண்டாம்.

‘பாஹ் 333’ டாய்ச்ச கிராமஃபோனும் டெக்காவும் 2018இல் வெளியிட்டது, 222 வட்டுகள். பாஹ் பிறந்து 333 ஆண்டு என்பதால் அந்தப் பெயர். இதில் கான்டாட்டாக்களை ஒரே நடத்துநர் செய்யவில்லை, பல குழுக்களிடமிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். முக்கியமான படைப்புகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளும் உண்டு.

இப்போது சோதனை. பி.டபிள்யூ.வி. 140, ‘வாஹெட் அவுஃப்’ என்ற கான்டாட்டா, 1731இல் எழுதியது. அதில் மூன்றாவது பகுதியை எடுங்கள். ஆன்மா சொப்ரானோவாக ‘எப்போது வருவாய்’ என்று கேட்க, இயேசு பாஸ் என்கிற தாழ்ந்த ஆண்குரலில் ‘வருகிறேன்’ என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சிறிய வயலின் கொடிபோல வளைந்து வளைந்து ஏறி இறங்கும். ஹார்னன்கூரின் பதிவில் அந்த ஆன்மா ஒரு சிறுவன். நீண்ட வரியின் முடிவில் அவனுக்கு மூச்சு போதுமா போதாதா என்று நமக்கே நெஞ்சு துடிக்கும், அந்தக் கேள்வியில் இருக்கும் பயம் நிஜமாகவே பயமாகிவிடுகிறது. ரில்லிங்கின் பதிவில் சொப்ரானோ முழு வளர்ச்சியடைந்த குரல், வரி முடிகிற வரை உறுதியாகப் போகும், சிறிய அதிர்வும் இருக்கும், அதே கேள்வி ஏக்கமாகக் கேட்கிறது. பழைய வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் சுருதியை 415 ஹேர்ட்ஸில் வைப்பார்கள், நவீன வாத்தியங்களுக்கு 440. அரைச் சுரம் வித்தியாசம், ஆகவே ஒன்றைக் கேட்டு உடனே மற்றதைப் போட்டால் இன்னொரு பாட்டோ என்றுகூட இருக்கும். தியாகராஜரின் ஒரு கீர்த்தனையை இரண்டு பாணியில் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது.

இரண்டு பதிவையும் ஒரே நாளில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வேலைக்கு நடுவில் எந்தக் குரல் தானாக மனதில் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் போங்கள். அறுபது வட்டுவரை அந்தக் குரல்களோடுதான் இருக்கப்போகிறீர்கள்.

படி 4: கான்டாட்டாவைத் தனியாக வாங்கலாமா?

வாங்கலாம், பலருக்கு அதுவே மேல். மசாக்கி சுசூக்கி ஜப்பானில் கோபே நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் 1995 முதல் 2013 வரை பதிவு செய்த தேவாலயக் கான்டாட்டாக்கள் 55 தொகுதிகள். சிறிய குழு, தெளிவான சொல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தரம். ஜோன் எலியட் கார்டினர் 2000ஆம் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய் அந்தந்த ஞாயிறுக்கு உரியதை அந்தந்த ஞாயிறையொட்டியே ஆலயங்களில் நடத்திப் பதிவு செய்தார். நேரடிப் பதிவு என்பதால் சிறு பிசகுகள் இருக்கும், வேகமும் சூடும் வேறு எங்கும் கிடைக்காது. டோன் கூப்மன் பாதி வழியில் பதிவு நிறுவனம் கைவிட்ட பிறகு சொந்த நிறுவனம் தொடங்கி மிச்சத்தை முடித்தார். அந்த மனிதரின் பிடிவாதத்துக்காகவே அவருடைய பதிவுகளில் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

படி 5: விசைப்பலகைப் பகுதியை ஒரு பார்வை

கோல்ட்பர்க் மாறுபாடுகள், பி.டபிள்யூ.வி. 988, எந்த வாத்தியத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஹென்ஸ்லர் பெட்டியில் யெவ்கேனி கொரோலியோவ் பியானோவில் வாசிக்கிறார், பிரில்லியண்டில் பீட்டர் யான் பெல்டர் ஹார்ப்சிகோர்டில், அதாவது தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகையில். ஹார்ப்சிகோர்ட் புதுக் காதுக்கு முதலில் கூர்மையாக இருக்கும், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பழகிவிடும்.

படி 6: ‘முழு’ என்றால் எவ்வளவு முழு?

எந்தப் பெட்டியும் முழுமையாக இராது. மாற்கு பாடுகளின் வரிகள் இருக்கின்றன, இசை தொலைந்துவிட்டது. எண் பெற்ற சில படைப்புகள் பாஹ் எழுதியவையே இல்லை என்று பின்னால் தெரிந்தது, பி.டபிள்யூ.வி. 53 அப்படிப்பட்டது. இன்னொரு பக்கம் புதியவையும் கிடைக்கின்றன. 1127 என்ற எண் பெற்ற பாடல் 2005இல் கண்டெடுத்தது, 1128 என்ற ஆர்கன் படைப்பு 2008இல். 2000ஆம் ஆண்டுப் பெட்டிகளில் இவை எப்படி இருக்கும்? 2025 நவம்பரில் லைப்சிக்கில் மேலும் இரண்டு ஆர்கன் படைப்புகளை பாஹின் பெயரில் அறிவித்தார்கள், 1178, 1179. ‘பாஹ் 333’கூட இப்போது பின்தங்கிவிட்டது. இதற்காக ஒரு பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை, இந்த ஒன்றிரண்டையும் இணையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஒரு நிறுவனம் தன் கைவசம் உள்ள பதிவுகளிலிருந்துதான் பெட்டியைக் கட்டும். நீங்கள் ஆசைப்படுகிற கலைஞர் வேறு நிறுவனத்தில் இருந்தால் பெட்டி எவ்வளவு பெரிதானாலும் அவர் அதில் இருக்க மாட்டார். பியானோ கலைஞர் க்ளென் கூல்டின் 1955, 1981 கோல்ட்பர்க் பதிவுகளை மனதில் வைத்துப் பெட்டி தேடுகிறவர்கள் அவற்றைத் தனியாக வாங்கிக்கொள்வதே நேர்வழி.

படி 7: விலை, தபால், ஈரம்

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பெட்டியின் விலையோடு தபால் செலவு, சுங்க வரி இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும், பெரிய பெட்டி நல்ல கனம். மலிவான பதிப்புகளில் பாடல் வரிகளின் அச்சுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெர்மன் தெரியாத நமக்கு கான்டாட்டாவில் பாதி அந்த வரிகளில்தான் இருக்கிறது, புத்தகம் இல்லையென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

உங்கள் காது இன்னும் முடிவுக்கு வரவில்லை, ஆனாலும் ஒரே பெட்டிதான் என்றால், புதியவர்களுக்கு நான் ஹென்ஸ்லரைச் சொல்வேன். குரல்கள் உறுதியானவை, விசைப்பலகையில் பல வாத்தியங்கள், ஒன்றும் காதை விரட்டாது. சிறுவர் குரல் பிடித்துவிட்டால் யோசிக்காமல் டெல்டெக். காசு குறைவென்றால் மலிவான பெரிய பெட்டியைவிட சுசூக்கியின் தனித் தொகுதிகளை ஒன்றிரண்டாகச் சேர்ப்பது நல்லது.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மழை தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கிற துணிக்கே பூஞ்சணம் பிடிக்கும், அட்டை உறைக்குள் இருக்கும் வட்டும் புத்தகமும் எம்மாத்திரம். சுவரில் ஒட்டாமல் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வையுங்கள், பைகளை அடிக்கடி மாற்றுங்கள். அதற்கு முன்னால் எல்லா வட்டுகளையும் கணினியில் ஏற்றி, சுருக்கினாலும் ஒலி குறையாத ஃப்ளாக் கோப்புகளாக ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு வட்டு ஓடவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும், கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கவும் தவணை இருக்கும். கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது பி.டபிள்யூ.வி. எண்ணை முதலில் போடுங்கள், 7 என்பதை 0007 என்று நான்கு இலக்கமாக எழுதினால் வரிசை குலையாது.