கிளைத் தேர்தலில் ஓட்டுப் போடுவது எப்படி

நான் முதன்முதலாகக் கலந்துகொண்ட உட்கட்சித் தேர்தல் நான்கு நிமிடத்தில் முடிந்தது. பாம்பனில் வலை பின்னும் கூடம். இரண்டு ட்யூப்லைட்டில் ஒன்று எரியவில்லை. தேர்தலை நடத்திவைக்க ஒன்றியத்திலிருந்து வந்த பார்வையாளர், கூட்டத்தில் நடந்ததை எழுதும் மினிட் நோட்டை என் பக்கம் தள்ளினார். வெறும் பக்கம். "கையெழுத்துப் போடு தங்கச்சி, மேல எழுதிக்கிறோம்" என்றார். போட்டேன். டீ வந்தது, வடை வந்தது. மறுநாள் வாட்ஸ்ஆப் குரூப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், கிளைச் செயலாளரை நானும் சேர்ந்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று.

அப்போது எனக்கு 22 வயது, இப்போது 27. இடையில் ஒரு முறை நிஜமாகவே சீட்டு எழுதி ஓட்டுப் போட்டுவிட்டேன். கட்சி எது என்று சொல்லப் போவதில்லை. எந்தக் கொடி பிடிக்கிறவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப் போடும் நாளில் நமக்குப் பெரிய வேலை இல்லை. உறுப்பினர் பட்டியல், தேதி, வேட்புமனு இந்த மூன்றிலும்தான் தேர்தல் நடக்கிறது. மூன்றும் முடிந்த பிறகு கூடத்துக்குப் போனால் வடைதான் கிடைக்கும்.

பட்டியலிலிருந்து தொடங்குங்கள். உறுப்பினர் சேர்க்கை நடக்கும்போது படிவத்தை நீங்களே நிரப்பி, கட்டணத்தை உங்கள் கையால் கட்டி, ரசீதை வாங்கி வையுங்கள். "நான் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிட்டேம்மா" என்று ஒரு மாமா வருவார். அவர்தான் பதவிக்கு நிற்கப் போகிறவர். எங்கள் கிளைப் பட்டியலை முதல் தடவை வாங்கிப் பார்த்தபோது மூன்று பேர் குவைத்தில் இருந்தார்கள், ஒருவர் கல்லறையில் இருந்தார். என் பெயர் இருந்தது, ஆனால் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சித்தப்பா பெயர். திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, கொடுத்த தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். இளைஞர் காங்கிரஸ் மாதிரி ஆப் வழியாக ஓட்டு நடத்தும் அமைப்பாக இருந்தால், பதிவில் எந்த போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். சேர்த்துவிட்டவருடைய எண் அங்கே இருந்தால் உங்கள் ஓட்டும் அவரிடம்தான் இருக்கிறது.

பட்டியலோடு சேர்த்து விதிப் புத்தகத்தையும் கேளுங்கள். "அதெல்லாம் எங்கம்மா இருக்கு" என்பார்கள். இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும்போதே கட்சி தன் விதிகளின் பிரதியைக் கொடுத்தாக வேண்டும். படிக்கும்போது மனுத் தாக்கல் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். அ.தி.மு.க.வில் பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்க 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னொரு 10 பேர் வழிமொழிய வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். கிளையில் அவ்வளவு பெரிய கதவு கிடையாது. எங்கள் விதியில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். அந்த இரண்டு பேரை முதலிலேயே பேசி வையுங்கள். கையெழுத்தை உங்கள் கண்முன்னே போடச் சொல்லுங்கள். 2022 காங்கிரஸ் தலைவர் தேர்தலில் ஜார்க்கண்டின் கே.என். திரிபாதி மனு முன்மொழிந்தவர்களின் கையெழுத்துக் கோளாறில்தான் தள்ளுபடியானது.

அடுத்தது தேதி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கடற்கரையில் தேதியை வைத்தே ஆளைத் தோற்கடிக்கலாம்.

விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகில் போன அண்ணன்மார் மறுநாள் காலை கரைக்கு வந்து, மீனை இறக்கி, கணக்கு முடித்துத் தூங்கப் போவார்கள். புதன் சாயங்காலம் கூட்டம் போட்டால் விசைப்படகுக்காரர் ஒருவரும் வர முடியாது. வியாழன் போட்டால் நாட்டுப்படகுக்காரர் இல்லை. அப்புறம் பெண்கள். என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் அவர்கள் தீவுப் பக்கம் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது விரலில் சுற்றிய துணி நனைந்து, கால் வெளுத்துக் கிடக்கும். அந்தச் சாயங்காலம் கூட்டத்துக்கு வா என்று யார் கூப்பிடுவது? முதல் தேர்தல் நடந்தது ஒரு அமாவாசைக்கு மறுநாள் என்பதை நான் பிறகுதான் காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். தற்செயல் என்றும் சொல்லமாட்டேன்.

இரண்டாம் தடவை தேதி கேட்டு நானே போனேன். எங்கள் தெருவுக்கு ஓரளவாவது சரியாக வருவது ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. பூசை முடிந்திருக்கும், சனிக்கிழமை போன படகு திரும்பியிருக்கும், திங்கள் கடலுக்குப் போக வாங்கும் டோக்கனுக்கு இன்னும் நேரம் இருக்கும். அமாவாசை பௌர்ணமி இல்லாத ஞாயிறாகப் பார்த்து மூன்று தேதி எழுதிக் கொடுத்தேன். மூன்று கொடுங்கள். ஒன்று கொடுத்தால் "அன்னைக்குப் பார்வையாளருக்கு முடியாது" என்று வரும்.

"போட்டி எதுக்கும்மா, குடும்பத்துக்குள்ள சண்டை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள். கடலில் ஒரே படகில் போகிறவர்கள் கரையில் பேசாமல் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒருமனதாக முடிவதும் தப்பில்லை. ஆனால் "வேறு யாராவது நிற்கிறீர்களா?" என்று பார்வையாளர் வாய்விட்டுக் கேட்க வேண்டும், பதிலுக்குக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அவர் கேட்கவில்லை என்றால் நீங்கள் எழுந்து கேளுங்கள். தோற்பவர் அசிங்கப்படுவார் என்று பயப்படவும் வேண்டாம். 2025 ஏப்ரலில் நம் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சி மாநாட்டில், தலைமை கொடுத்த பட்டியலுக்கு வெளியே மத்தியக் குழுவுக்கு நின்ற டி.எல். கராட் 31 ஓட்டு வாங்கித் தோற்றார். மாநாடு அதற்காக உடைந்துபோகவில்லை.

இனி சீட்டு. கை தூக்கச் சொன்னால் மறுத்து, சீட்டு கேளுங்கள். மாமாவும் மச்சானும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை தானாக எந்தப் பக்கம் உயரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சீட்டு நாற்பது பக்க நோட்டைக் கிழித்தது, பெட்டி அம்மாவின் தூக்குவாளி. 38 பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கு 21, இன்னொருவருக்கு 16. மிச்சம் ஒரு சீட்டு. அதில் அழகான கையெழுத்தில் "அண்ணனுக்கு" என்று எழுதியிருந்தது. நின்ற இருவருமே அண்ணன்தான். எழுதியவர் யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. செல்லாத ஓட்டு.

ஆகவே பெயரை எழுத விடாதீர்கள். நிற்பவர்களுக்கு எண் கொடுத்து, டிக் மட்டும் போடச் சொல்லுங்கள். என்ன குறி என்பதை முதலிலேயே அறிவிக்க வேண்டும். 2022 காங்கிரஸ் தேர்தலில் முதலில் "1" எழுதச் சொல்லி, சசி தரூர் தரப்பு ஆட்சேபித்த பிறகு டிக் என்று மாற்றினார்கள். கார்கே 7,897, தரூர் 1,072 என்று முடிந்தது. அதிலும் 416 ஓட்டு செல்லாமல் போனது. போட்டவர்கள் எல்லாம் பிரதிநிதிகள், நம் தெருக்காரர்கள் இல்லை.

யாருக்குப் போடுவது என்று கேட்டால், என் அளவுகோல் ஒன்றுதான். ராத்திரி படகு திரும்பவில்லை என்றால் யார் போனை எடுக்கிறார், எடுத்து மீன்வளத்துறைக்கும் கடலோரக் காவலுக்கும் தானே பேசுகிறார்? மேடையில் யார் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார் என்பதை நான் பார்ப்பதில்லை. நான் ஓட்டுப் போட்டவர் 16 வாங்கியவர்.

எண்ணி முடித்ததும் கலைந்துவிடாதீர்கள். ஓட்டுக் கணக்கு மினிட் நோட்டில் ஏறிய பிறகு, மேலே எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றியத் தேர்தலுக்குப் போகும் பிரதிநிதிகள் பெயரும் அதிலேயே இருக்க வேண்டும். எங்கள் நோட்டில் அந்த வரியைக் காலியாக விட்டிருந்தார்கள். "மேல எழுதிக்கிறோம்" என்றார் அதே பார்வையாளர். பேனாவை அவர் கையிலேயே கொடுத்து, எழுதுங்கண்ணே, இருக்கேன் என்றேன்.