பழைய புச்சி உடை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுழல் சுழலான வண்ணக் கோலங்களுக்குப் பேர்போன இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் எமிலியோ புச்சியின் 1960களின் உடைகளைத் தேடிப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கறை, கிழிசல் பார்ப்பதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றதைப் பார்ப்போம்.

நைலானுக்குப் பட்டு விலை கொடுப்பது

இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். புளோரன்ஸைச் சேர்ந்த புச்சி நிறுவனம் பட்டு ஜெர்சியில் (பட்டு நூலில் பின்னிய மெல்லிய துணி) கவுன் போட்ட அதே காலத்தில், ஃபார்ம்ஃபிட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உள்ளாடை நிறுவனம் புச்சியின் டிசைன்களை நைலானில் அச்சிட்டு நைட்டி, ஸ்லிப், மேலங்கி என்று விற்றது. இரண்டும் அசல். ஆபத்தே அங்கேதான். "ஒரிஜினல்தானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில் வரும், அது பொய்யும் இல்லை. லேபிளை மட்டும் பிரித்துவிட்டு, அந்த நைட்டியையே பட்டு மாக்ஸி கவுன் என்று விற்பவர்கள் உண்டு.

லேபிளைப் பிரிக்கலாம், அச்சைப் பிரிக்க முடியாது. புளோரன்ஸ் துணியில் நிறத்திட்டுகளைப் பிரிக்கும் கோடுகளை ஒட்டி 'எமிலியோ' என்று பொடிக் கையெழுத்து அங்கங்கே ஒளிந்திருக்கும். பிரபு குடும்பத்துப் பெயரைக் கடைச் சரக்கில் போடத் தயங்கி முதல் பெயரை மட்டும் போட்டார் என்பார்கள். நைலான் உள்ளாடைகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் 'ஈபிஎஃப்ஆர்' (எமிலியோ புச்சி ஃபார்ம்ஃபிட் ரோஜர்ஸ் என்பதன் சுருக்கம்) என்ற நான்கு ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். பணம் அனுப்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் எடுத்த நெருக்கமான படம் கேளுங்கள். ஒற்றை நிற உடையில் கையெழுத்தைத் தேடிப் பயனில்லை.

உடை கைக்கு வந்துவிட்டால் உள்தையல் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். நைலான் உருகிக் கெட்டி மணியாக உறையும். கலப்பு நூலும் உண்டு: 1960இல் புச்சி கொண்டுவந்த எமிலியோஃபார்ம், பட்டோடு நீளும் செயற்கை இழை சேர்ந்தது. அதில் இரண்டு குணமும் தெரியும். போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சுழல் கோலம் என்றாலே 1960கள் என்பது

2000இல் எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமம் புச்சி நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிய பிறகு கிறிஸ்டியன் லக்ரவா, மேத்யூ வில்லியம்சன் என்று வடிவமைப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பழைய கோலங்களைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டார்கள். உள்ளே துவைக்கும் முறை சொல்லும் லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் அது 1972இல்தான் கட்டாயமானது. அந்த லேபிளோடு "1965 கவுன்" என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள்.

கீழ் விளிம்பை வெட்டுவது

பல கவுன்களில் கோலம் உடையின் வடிவத்துக்கென்றே அமைந்தது. கரை கீழ் விளிம்பை ஒட்டி ஓடும். இரண்டு அங்குலம் வெட்டினால் கரை போச்சு, அதோடு விலையும் போச்சு. நீளம் அதிகமென்றால் உள்ளே மடித்துக் கைத்தையல் போடச் சொல்லுங்கள். நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டில் துவைப்பது

வேண்டாம். ஈரப் பஞ்சை உள்தையலில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள், பஞ்சில் ஒட்டும் சாயத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஹேங்கரில் மாட்டுவது

பட்டு ஜெர்சி தன் எடையிலேயே நீளும். மடித்து வையுங்கள்.